ஒன்றுபோல் இருந்த நாட்கள்

“அப்போ மிச்ச காலையெல்லாம் எங்க போச்சு?”

“எங்கயும் போகலக்கா. எண்ணிக்கை சரியாத்தான் காட்டுது. பதினோராயிரத்து முந்நூத்தி நாப்பது காலை. ஆனா எதத் தொறந்தாலும் ஒரே காலைதான் வரும்.”

“எந்தக் காலை?”

ரிஸ்வானா திரையை என் பக்கம் திருப்பவில்லை. திருப்பக் கூடாது என்பது சட்டம். கட்டிய மனைவியாக இருந்தாலும் ஒருவருடைய ஞாபகத்தை இன்னொருவர் பார்க்க முடியாது. பட்டியலை வாசிக்கக் கேட்கலாம், அவ்வளவுதான். நாள், நேரம், அளவு. அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“ஆபரேஷன் அன்னைக்கிக் காலை. ஏழு பத்துல இருந்து எட்டே கால் வரைக்கும். அன்னைக்கி என்னக்கா நடந்துச்சி?”

அன்றைக்கு நான் காப்பீட்டு அட்டையைக் காணோம் என்று வீட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதி கட்டிய பச்சைச் சேலை, வாயில் ஊக்கு. “எல்லாத்தையும் கண்ட எடத்துல போட வேண்டியது, கடைசில தேடிச் சாகுறது மட்டும் நானா?” என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். அட்டை என் கைப்பையில்தான் இருந்தது.

என் கணவர் கஸ்பாரின் தலைக்குள் இப்போது முப்பத்தொரு வருடமாக, தினமும் காலை ஏழு பத்துக்கு, நான் வாயில் ஊக்குடன் அந்த அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

“மத்ததெல்லாம் ஏன் வைக்கல?”

“வெரசு அப்படித்தான்க்கா வேலை பாக்கும்.”

வெரசு என்பது அந்த மென்பொருளின் உண்மையான பெயர் இல்லை. உண்மையான பெயர் விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அது வெரசு. அதற்கு முன்னால் இருந்தது பழசு.

கஸ்பாருக்கு மறதி நோய் என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மேலே ஏறி உட்கார்ந்தவருக்கு எதற்கு ஏறினோம் என்பது மறந்துபோய், அரை மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே லாரிகள் வரிசையாக நின்று ஒலி எழுப்பின. அந்த வருடமே அவர் மூளையில் மிச்சம் இருந்ததையெல்லாம் ஒரு சில்லுக்கு மாற்றி, காதுக்குப் பின்னால் பதித்துவிட்டார்கள். ஒரு நெல்மணி அளவு. அன்றிலிருந்து அவர் நினைப்பதெல்லாம் அதிலிருந்துதான். புதிதாக நடப்பதும் அதில்தான் போய்ச் சேரும். மூன்று வருடத்தில் சில்லு தேய்ந்துவிடும். அப்போது பழைய சில்லில் இருப்பதைப் புதிய சில்லுக்கு மாற்ற வேண்டும். மாற்றி முடியும்வரை அவர் யாருமில்லை.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் பழசில் மாற்றினார்கள். பத்தொன்பது மணி நேரம். அவர் கண் திறந்துதான் இருந்தது. நான் குனிந்தால் என்னைப் பார்த்தது, நகர்ந்தால் எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தது. எனக்கும் சுவருக்கும் அந்தக் கண்ணில் ஒரு வித்தியாசமும் இல்லை. இனி ஒருமுறை அப்படி உட்கார என்னால் முடியாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அதனால்தான் இந்த முறை, “புதுசு வந்திருக்கு, இருபத்திரண்டு நிமிசம்தான்” என்றதும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

“ஒரே மாதிரி ரெண்டு இருந்தா அது ரெண்டையும் எழுதாது,” என்றாள் ரிஸ்வானா. அவள்தான் மாற்றுப் பிரிவில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவள். காயல்பட்டினத்துக்காரி, நாற்பது வயது இருக்கும். “ஒன்ன மட்டும் எழுதும். இன்னொன்னு இருக்க வேண்டிய எடத்துல ‘அங்க போய்ப் பாத்துக்கோ’ன்னு ஒரு குறி போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரும். அதான் அவ்வளவு வேகம். மனுச வாழ்க்கையில முக்காவாசி ஒரே மாதிரிதானக்கா.”

“மழை பெஞ்ச நாளும் பெய்யாத நாளும் ஒரே மாதிரியா?”

“தொண்ணூத்தாறு சதம் ஒத்துப்போச்சின்னா ஒன்னுன்னு எடுத்துக்கும்.”

“மிச்சம் நாலு?”

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த நாலு சதத்தில்தானே நான் இருந்தேன்? டீயில் ஒரு நாள் சுக்குத் தட்டிப் போட்டது. பால் திரிந்துபோய் இரண்டு பேரும் கடுந்தேயிலை குடித்தது. என் சங்கிலியின் கொக்கியை மாட்டிவிடத் தெரியாமல் அவர் கண்ணாடியைத் தேடிப் போய், கண்ணாடியோடு வந்து, பிறகும் மாட்டத் தெரியாமல் நின்றது.

“சரி, ஒன்னுதான் வைக்கும்னா மொத காலைய வச்சிருக்கலாம்லா? கல்யாணத்துக்கு மறுநாள் காலைய? கடைசிக் காலை எதுக்கு?”

ரிஸ்வானா என் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தை எடுத்து முன்னால் வைத்தாள். ‘ஒன்றுபோல் உள்ளவற்றில் பழையதை வைத்துக்கொள்க’ என்று ஒரு கட்டம், ‘புதியதை வைத்துக்கொள்க’ என்று ஒரு கட்டம். புதியதில் நான் போட்ட டிக் அழுத்தமாக இருந்தது. இருபத்து நான்கு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவள் நான். ஒரே மாத்திரையில் இரண்டு அட்டை கிடந்தால், தேதி புதிதாக இருப்பதைத்தான் வீட்டுக்கு எடுத்துவருவேன். படிவத்தைப் பார்த்தபோதும் கை அதுவாகவே அங்கே போய்விட்டது.

“மனசுல போட்டுக் கொழப்பாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு வெரசு போடாமலே எல்லா நாளும் ஒன்னுதான்,” என்றாள் ரிஸ்வானா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “திரும்ப மாத்த முடியுமா?”

“பழைய சில்லு பதினஞ்சு நாள் எங்ககிட்ட இருக்கும். நாலு நாள் ஆச்சி. மிச்ச நாளுக்குள்ள பழசுல ஓட்டலாம். ஆனா யோசிச்சிக்கிடுங்க. அவரு நல்லாத்தான இருக்காரு?”

நன்றாகத்தான் இருந்தார். முன்னைவிடச் சுறுசுறுப்பாக, முன்னைவிட உற்சாகமாக. சுமை இறங்கிய லாரி மாதிரி.

*

மறுநாள் காலை டீயை வாங்கிக்கொண்டே கேட்டார், “இன்னைக்கி அட்டை கெடைச்சிட்டா?”

“கெடைச்சிட்டு.”

“ஆச்சரியந்தான். தெனமும் தேடுவியே,” என்றார். பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல, “சுலேகா இருந்தா ஒரு நிமிசத்துல எடுத்துக் குடுத்துருவா,” என்றார்.

“எந்தச் சுலேகா?”

“விசாகப்பட்டினத்துச் சுலேகா. ஒங்கிட்ட நான் சொன்னதில்ல?”

“இல்ல.”

“சொல்லியிருப்பேனே.” கொஞ்சம் யோசித்தார். “சொல்லலையோ?”

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம், மகள் பிறந்து எட்டு மாதம். புதிய கிரேன் வருகிறது என்று பயிற்சிக்கு விசாகப்பட்டினம் அனுப்பினார்கள். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் எனக்கு நினைவிருக்கிறது. பிள்ளைக்குப் பேதி, எனக்குக் காய்ச்சல். அவர் திரும்பி வந்தபோது முந்திரிப் பருப்பு வாங்கி வந்தார். பயிற்சி எப்படி என்று கேட்டதற்கு, “சாப்பாட்டுல ஒரே காரம்,” என்றார். இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரிந்த விசாகப்பட்டினம் அவ்வளவுதான்.

இப்போது அது திறந்துகொண்டது. பயிற்சி கொடுத்தவள் சுலேகா, ஒடிசாக்காரி. நெம்புகோலை எவ்வளவு மெதுவாக இழுக்க வேண்டும் என்று காட்ட அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், ஒரே ஒரு தடவை. அவள் வளையல் கண்ணாடி இல்லை, சங்கு. அது நெம்புகோலில் பட்டால் எழும்பும் சத்தத்தை அவர் நாக்கைத் தட்டிச் செய்துகாட்டினார். நாலாவது நாள் மழை. பயிற்சிக் கூடத்து வாசலில் மாங்காயை உப்பு மிளகாய்ப் பொடி தொட்டுத் தின்றார்கள், அதைப் பொதிந்திருந்த தாளில் தெலுங்கு எழுத்து ஊறிக் கரைந்தது. ஏழாவது நாள் கடற்கரைக்குப் போனார்கள், அவளுக்கு நீச்சல் தெரியும், இவருக்குத் தெரியாது, கடற்கரையில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாதா என்று அவள் சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேற?” என்று கேட்டேன்.

“வேற என்ன? ஒம் பேரக் கேட்டா. அமலோற்பவம்னு சொன்னேன். அவளுக்கு வாயில நொழையல. அமலோ, அமலோன்னு சொல்லிப் பாத்துட்டு விட்டுட்டா.”

“வேற ஒன்னும் நடக்கலையா?”

“என்ன நடக்கணும்?” உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். “பதினோராவது நாள் ரயில் ஏத்திவிட வந்தா. நான் வந்துட்டேன்.”

ஏதாவது நடந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம், பங்குச் சாமியாரிடம் சொல்லி அழுதிருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததில் ஒரு நிமிடம்கூடக் குறையாமல் அவர் வைத்திருந்தார். அந்தப் பதினோரு நாளில் எதுவும் எதைப்போலவும் இல்லை. அதனால் வெரசு எதையும் மடிக்கவில்லை. என் பெயரைச் சொல்லத் தெரியாத ஒருத்தி முழுதாக இருந்தாள். அந்தப் பெயரோடு அவர் பக்கத்திலேயே வாழ்ந்த நான் ஒரு காலையாகச் சுருங்கிக் கிடந்தேன்.

முன்பு அவருக்குள் பதினோராயிரம் நாள் இருந்தன. அதில் பதினோரு நாள் எந்த மூலையில் கிடந்தால் என்ன? இப்போது தனித்தனியாக இருப்பவை நானூற்றுச் சொச்சம் நாட்கள்தான். கல்யாணம், மகள் பிறந்தது, அவர் அப்பா இறந்தது, ஒரு வேலைநிறுத்தம், ஒரு புயல். அந்தச் சின்ன வீட்டுக்குள் சுலேகா ஓர் அறையை எடுத்துக்கொண்டாள். எந்தப் பேச்சை எடுத்தாலும் இரண்டாவது நிமிடம் அவள் அறைக் கதவுக்குத்தான் வந்து நின்றது. முட்டை உரித்தால் சுலேகா, மழை தூறினால் சுலேகா, மாங்காய்க்காரன் தெருவில் போனால் சொல்லவே வேண்டாம்.

நான் ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். இனி எந்த நாளும் இன்னொரு நாளைப்போல இருக்கக் கூடாது என்று கிளம்பினேன். திங்கட்கிழமை மொட்டைமாடியில் வாழையிலை போட்டுக் காலைப் பலகாரம். செவ்வாய்க்கிழமை காலையிலேயே மீன் குழம்பு. புதன்கிழமை அவரை எழுப்பிப் படகுத்துறைக்குக் கூட்டிப்போய் அங்கே டீ வாங்கிக் கொடுத்தேன். வியாழக்கிழமை மகளின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

“என்னட்டி ஆச்சி ஒனக்கு?” என்றார். “நடக்கமுடியாம நிக்க, அவ்வளவு இறுக்கமாவா போடுவாவ?”

“நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு.” டீயை உறிஞ்சினார். “சுலேகாவும் சுடிதார்தான் போடுவா.”

வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதுகு வலித்தது. வழக்கமான டீயைப் போட்டு வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். ஒரு மனுஷி எத்தனை நாள்தான் பண்டிகையாக இருக்க முடியும்? பதினோரு நாள் இருக்கலாம். பதினோரு நாள் என்றால் நானும் இருந்திருப்பேன்.

கடையில் ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவர் பார்த்துச் சொல்லவில்லை என்றால் கொடுத்திருப்பேன். அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

*

“முடிவா?” என்றாள் ரிஸ்வானா.

“முடிவுதான்.”

“பத்தொம்பது மணி நேரம் உக்காருவியளா?”

“உக்காருவேன்.”

“இன்னொன்னும் இருக்கு, அதயும் கேளுங்க.” நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். “பழசுக்கு இருக்கறதுக்கு மேல எழுதத் தெரியாது. காலிச் சில்லுலதான் எழுதும். அதனால இப்போ அவரு காதுல இருக்கத மொத்தமா அழிச்சிரணும். அழிச்சிட்டு, பழைய சில்லுல இருந்து ஒன்னொன்னா எழுதணும்.”

“இன்னொரு புதுச் சில்லு வாங்கி அதுல எழுதுனா?”

“ஒரு மனுசனுக்கு ஒரே சமயத்துல ரெண்டு சில்லுக்கு மேல கூடாது. சட்டம். எங்க கம்ப்யூட்டர்ல ஒரு நிமிசம் வைக்கவும் கூடாது. பழைய சில்லு தேஞ்சது. சோதிச்சிப் பாத்தேன். பதினாறு மணி நேரம் தாங்கும். பத்தொம்பது தாங்குனா ஆண்டவன் புண்ணியம். நடுவுல நின்னுச்சின்னா அதுவரைக்கும் எழுதுனதுதான் அவருக்கு மிச்சம்.”

“நின்னுபோனா எது போகும்?”

“கடைசில இருக்கது போகும். அதுக்குத்தான் வரிசை கேக்கோம். எது மொதல்ல, எது கடைசில. வீட்டாளுதான் போட்டுக் குடுக்கணும்.”

பட்டியலை அச்செடுத்துத் தந்தாள். அவருடைய வாழ்க்கை நாற்பது கட்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், ஓர் அளவு. நான் தேடியது பதினேழாவது வரியில் இருந்தது. ‘விசாகப்பட்டினம், 11 நாட்கள்.’ அதற்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டு நாட்களுக்கு எதிரே இருந்ததைப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை பார்த்தேன்.

“பதினோரு நாளுக்கு இது என்ன இவ்வளவு கனமா இருக்கு? இந்தக் கணக்குக்கு எங்க வீட்டு நாள்ல ஆறு மாசம் அடங்கிருமே.”

“அது…” என்று ஆரம்பித்து ரிஸ்வானா நிறுத்தினாள்.

“சொல்லு.”

“ஒரு விசயத்த நெனச்சிப் பாக்கும்போதெல்லாம் அந்த நெனப்பும் அதுகூடவே போய் ஒட்டிக்கிடும்க்கா. நெனைக்க நெனைக்கக் கூடும்.”

“அப்போ இது?”

“நெறைய தடவ நெனச்சிருப்பாரு.” பிறகு அவசரமாக, “டீ குடிச்சத யாருக்கா நெனச்சிப் பாப்பா?” என்றாள்.

இது வெரசு செய்தது இல்லை. பழைய சில்லின் அளவு இது, மடிக்கும் முன்னால் இருந்தது. அப்படியென்றால் இத்தனை வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் ஜன்னலைப் பார்ப்பார். ஆறிப்போகும் என்று நான் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோவார். உயரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று மகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். என் காலைகளை அவர் வாழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஏற்கெனவே வேறு ஒரு காலையில் இருந்திருக்கிறார். ஒருவேளை அதனால்தான் அவை ஒன்றுபோல் ஆகிவிட்டனவோ என்னவோ.

பேனாவைக் கேட்டு வாங்கினேன்.

“மொதல்ல என்ன போடட்டும்?” என்றாள்.

“வீட்டு நாளு.”

“அதுக்கே பதினாலு மணி நேரம் போயிரும்க்கா. எல்லாரும் கல்யாணம், பிள்ளை பொறந்தது, அதத்தான் மொதல்ல வைப்பாவ.”

“அது ரெண்டாவது.”

“கடைசில?”

பதினேழாவது வரியை அடித்துவிட்டு, அதைத் தாளின் அடியில் நாற்பதாவதாக எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் மருந்துச் சீட்டை எடுத்து எழுதுகிற மாதிரி தெளிவாக இருக்கும். அன்றும் அப்படித்தான் இருந்தது.

“அக்கா, பதினாறு மணி நேரம்தான்னு சொன்னேம்லா.”

“நாப்பது இருந்தா எதாவது ஒன்னு நாப்பதாவதா வந்துதான ஆகணும்?”

ரிஸ்வானா தாளை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

*

அவரிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். “ஒங்க ஞாபகத்துல கொஞ்சம் மடங்கிப் போச்சாம். மறுபடியும் எடுத்து எழுதுனாச் சரியாகுங்காவ.”

“எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே?”

“நான் ஞாபகம் இருக்கேனா?”

“இதென்ன கேள்வி? பச்சைச் சேலை, வாயில ஊக்கு.” செய்துகாட்டிச் சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “ஏட்டி, அமலி. என்னது, கண்ணுல தண்ணி? சரி, எழுதச் சொல்லு. பத்தொம்பது மணி நேரம் படுக்கணும், அவ்வளவுதான? கிரேன்ல அதவிட அதிகமா உக்காந்திருக்கேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, “விசாகப்பட்டினமும் அப்படியே வந்துரும்லா?” என்று கேட்டார்.

“எல்லாம் வந்துரும்,” என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் நான் அவரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எதையும் இவ்வளவு சரளமாகச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு இருந்த மூன்று நாளும் அவர் பேசப் பேச நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முன்பு நடுவில் எழுந்து அடுக்களைக்குப் போவேன். இப்போது போகவில்லை. ஒன்பதாவது நாள் மின்சாரம் போனது, பயிற்சிக் கூடத்தில் அவள் தாள் விசிறி செய்து எல்லோருக்கும் கொடுத்தது, இவருடையதில் மட்டும் ஒரு கப்பல் வரைந்தது. அந்தக் கப்பலுக்கு எத்தனை புகைபோக்கி என்றுகூடக் கேட்டேன். இரண்டு என்றார். போகப்போகிற விருந்தாளியின் தட்டில் இன்னும் கொஞ்சம் வைப்பதுபோல ஒரு மரியாதைதான் அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவளை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. யாரை அனுப்புகிறேன் என்று தெரியாமல் அனுப்ப மனம் வரவில்லை.

*

பதினான்காவது நாள் காலை ஆறரைக்கு அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மயிரை மழித்துக் கம்பியைப் பொருத்தினாள் ரிஸ்வானா. பழைய சில்லு பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இருந்தது. எல்லாம் தயார் என்று நான் நினைத்தபோது அவள் ஒரு தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இது எதுக்கு?” என்றேன்.

“அவரு வாசிச்சிக் கையெழுத்துப் போடணும்க்கா. சட்டம்.” என் கண்ணைப் பார்க்காமலே சொன்னாள். “வாசிங்கண்ணே, சத்தமா.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். “‘கீழ்க்கண்ட வரிசைப்படி என் ஞாபகங்கள் எழுதப்படும் என்பதையும், வரிசையின் கடைசியில் உள்ளவை எழுதப்படாமல் போகலாம் என்பதையும் அறிவேன்.’ சரி. அறிவேன்.”

பட்டியலுக்கு வந்தார். கிரேன் ஓட்டுகிறவர்கள் கீழே பார்த்துப் பழகியவர்கள். அவர் விரல் மேலிருந்து வரவில்லை, தாளின் அடிக்குத்தான் நேராகப் போனது. நாற்பதில் நின்றது.

என் எழுத்து அவருக்குத் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ கப்பல் ஊதியது. ரிஸ்வானா திரையில் இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விரல் மெதுவாக மேலே ஏறி, ஒவ்வொரு வரியாகத் தாண்டி, முதல் வரிக்குப் போய்ச் சேர்ந்தது. ‘வீட்டு நாட்கள்.’ அங்கே கொஞ்ச நேரம் இருந்தது. என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை. அவருக்குள் அந்த வரிக்கு இப்போது ஒரே ஒரு காலைதான் உண்டு.

மாற்றி எழுதச் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் எழுதிவிடுவது என்றுகூட நினைத்தேன். அவர் பேனாவை வாங்கி, கீழே கஸ்பார் என்று கையெழுத்துப் போட்டு, தேதியைக் கேட்டு எழுதி, தாளை ரிஸ்வானாவிடம் நீட்டினார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கொடுத்த கையை விடவில்லை.

“ஆரம்பிக்கட்டுமாண்ணே?” என்றாள் ரிஸ்வானா.

“ஒரு நிமிசம்.”

என்னைப் பக்கத்தில் இழுத்தார். நான் குனிந்தேன். அவர் குரலில் கோபம் இல்லை. உயரத்திலிருந்து இறங்கி வந்தவர் கீழே நிற்பவரிடம் பேசும் அந்தப் பழைய மெதுவான குரல்தான் இருந்தது.

“மாங்காய், மழை, அந்த ரெண்டு புகைபோக்கி, எல்லாம் இப்போ ஒனக்கு மனப்பாடம்லா. என்னையவிட ஒனக்குத்தான் நல்லாத் தெரியும்.” கையை அழுத்தினார். “நாளைக்கி நான் முழிக்கும்போது எனக்கு அது இல்லேன்னு வையி. இல்லேங்கதே எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் மாட்டேன். நீயா எனக்கு அத ஒரு தடவ சொல்லணும், அமலி. நீ எப்படிச் சொன்னாலும் நம்பிக்கிடுவேன். சொல்லுவியாட்டி?”